கிலோவில் கேட்ட எண்ணெய்

இரண்டு அரசாங்கங்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில், கல்யாணமான கையோடு இந்தியாவுக்குப் போனவள் என் அக்கா. கோத்தகிரியில் குடியேறி, பேரப்பிள்ளைகள் கண்டு, தலை நரைத்த பிறகுதான் கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் அம்பிட்டிய வீட்டுப் படி மறுபடி ஏறினாள். எத்தனையோ வருஷம் வழி பார்த்திருந்த அம்மாவுக்கு, அவள் வந்த நேரம் பார்த்து ஞாபகம் போய்விட்டிருந்தது. "வாங்க, கதிரையில உக்காருங்க" என்று விருந்தாளியை உபசரிப்பதுபோல் உபசரித்தாள். அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று.

ஆனால், மூத்த மகளைப் பற்றி மட்டும் அம்மா ஓயாமல் பேசினாள். "எம் மூத்தவ சுடுற முறுக்கு மாதிரி எங்கயும் வராது." அதைப் பிடித்துக்கொண்டாள் அக்கா. முறுக்குச் சுட்டுக் கொடுத்தால் அம்மா கண்டுகொள்வாள் என்று நம்பினாள். விசா முடிந்து திரும்புவதற்குள் ஒரே ஒரு தடவை அம்மா வாயால் மகளே என்று கேட்டால் போதும் என்றாள்.

கடைக்குக் கிளம்பிய என்னிடம், "முக்காக் கிலோ எண்ணெய் வாங்கிட்டு வாடி" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"கிலோவுல கேட்டா கடை முதலாளி என்னைய மேலயும் கீழயும் பாப்பாரு. எத்தன போத்தல்னு சொல்லுக்கா."

"போத்தல் கணக்கெல்லாம் மறந்துபோச்சுடி. எங்க ஊருச் செக்குல நிறுத்துத்தானே குடுப்பாங்க."

எங்க ஊர் என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அவள் பிறந்தது இந்த வீட்டில்தான்.

ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து, போதுமா என்று பார்க்க மாவு நிறுக்கும் தராசில் வைத்தோம். முள் ஒரு கிலோவைத் தாண்டி ஓடியது. கண்ணாடிப் போத்தலையும் சேர்த்து நிறுத்த எங்கள் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்ல! எண்ணெயைச் சட்டியில் ஊற்றி, வெறும் போத்தலை நிறுத்துக் கழித்தோம். எழுநூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள். "எண்ணெய எதுக்கு நிறுக்கிறீங்க? இந்தம்மா எந்த ஊரு?"

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "கண்டிதாம்மா."

"கண்டியில யாரு எண்ணெயக் கிலோவுல கேக்குறா?"

எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. நோயாளி மேல் என்ன கோபம்? ஆனாலும் வந்தது.

முதல் ஈட்டில் ஒரு முறுக்கை ஆறவைத்து அக்கா கொடுத்தாள். அம்மா மெதுவாகக் கடித்து, கண்ணை மூடி மென்றாள். அக்கா அசையாமல் நின்றாள்.

"மிச்ச மாவுக்கு எண்ணெய் பத்துமா?"

"பத்தும்மா. ஒரு போத்தல் ஊத்தியிருக்கேன்." போத்தல் என்பதை அழுத்திச் சொன்னாள் அக்கா.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் நம்ம ஆளுங்க மாதிரிப் பேசுறீங்க. நல்லா வந்திருக்கு. இந்தியாவுல இருந்து எம் மூத்தவ வருவா. அவளுக்கு ரெண்டு எடுத்து வைங்க."

"வைக்கிறேம்மா" என்றாள் அக்கா. இரண்டு முறுக்கை எடுத்து டின்னில் போட்டு மூடினாள்.