கரப்பான் நகரத்து மணிக்கோபுரம்

பெப்ரவரி, செவ்வாய் காலை ஆறு மணி. நாங்கள் வாழும் ரொக்ஸ்பரோவில் மைனஸ் இருபத்திரண்டு பாகை குளிர். நானும் மனைவி வசந்தியும் வன்கூவரிலும் டோக்கியோவிலும் விமானம் மாறி, பசிபிக் கடலில் இருக்கும் சைப்பான் தீவுக்குப் புறப்பட்டோம். எங்கள் மகள் அபிராமி அங்கே தாதி. அந்தத் தீவுக்காரர் விசென்டேயை அவள் மணந்து நான்கு வருடங்கள். கலியாணத்துக்கு வசந்தி மட்டும் போனாள். நான் மருமகனோடு தொலைபேசியில்கூடப் பேசியதில்லை.

விமான நிலையத்திலிருந்து கரப்பான் நகரம் பன்னிரண்டு கிலோமீற்றர்; டாக்சிக்கு முப்பத்தைந்து அமெரிக்க டொலர். முன்பே தெரிந்திருந்தும் ஊரின் பெயரைச் சொல்லிச் சொல்லி வசந்தி வழியெல்லாம் சிரித்தாள். மகள் வீட்டில் தங்க எனக்கு மனம் வரவில்லை. விடுதியில் அறை எடுத்தோம்.

வெள்ளி காலை ஒன்பது மணி. விசென்டே எங்களையும் அபிராமியையும் பழைய மணிக்கோபுரத்துக்குக் கூட்டிப்போனார். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் ஸ்பானியக் குருமார் கட்டுவித்த கோபுரம் அது. வளைவுகள் ஸ்பெயினுடையவை, கொங்கிறீற் வேலை ஜப்பானியருடையது என்று விளக்கினார். உலகப் போரில் கோபுரத்தோடிருந்த தேவாலயம் போய்விட்டது. கோபுரம் மட்டும் மிஞ்சியது. குகைகளில் ஒளிந்திருந்த அவருடைய தாய்வழி உறவினர் வெளியே வந்தபோது ஊரே தரைமட்டமாம். இந்தக் கோபுரத்திலிருந்து அடியளந்துதான் தங்கள் வீட்டு வளவைக் கண்டுபிடித்தார்களாம்.

நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு மகளிடம், "ஊரில சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து திரும்பிப் போனநேரம் நானும் கிணத்தை வைச்சுத்தான் எங்கட வீட்டைக் கண்டுபிடிச்சனான்," என்றேன்.

அவள் விசென்டேயைத் திரும்பிப் பார்த்தாள். "இதை எனக்குக்கூடச் சொல்லேல்லை, அப்பா. அவரிட்ட நீங்களே சொல்லுங்கோ."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். விசென்டே கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கிணற்றில் தண்ணீர் இருந்ததா? இத்தனை வருடங்களில் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. இருந்தது என்றேன். முதலில் குடித்தது நான்தான் என்றும் சொன்னேன். கோபுர நிழலில் பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். வசந்தியும் அபிராமியும் எங்களை விட்டுவிட்டு இளநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

ஒன்பதாம் நாள் விமான நிலைய வாசலில் அவரிடம், கலியாணத்துக்கு வராமல் விட்டது என் பிழை என்றேன்.

அபிராமி சொல்லிக்கொடுத்த தமிழில் அவர் மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்லை மாமா. இப்ப வந்திட்டியள்தானே."

"ஓம், வந்திட்டன்," என்று சொல்லி அவர் கையைப் பிடித்தேன்.