ஒன்றேகால் அங்குலம்

சோற்றுத் தட்டை வாங்கியதும் ஞானமணி அதன் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஒரு சுற்று ஓட்டுவான். பிசிறு தட்டினால் சாப்பாடு காத்திருக்கும். சட்டைப் பையிலிருந்து சின்ன அரம் வெளியே வரும். ஆவூர்க் கோயிலில் பூசைக்குப் போனாலும் கம்பிக்கதவின் கீலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சிலுவை அடையாளம் போடுவான்.

புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் பதின்மூன்று வருடமாக வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் ஸ்கேலை இரவல் கொடுப்பதில்லை, அடுத்தவன் ஸ்கேலைத் தொடுவதுமில்லை. கீழே விழுந்து முனை தேய்ந்த ஸ்கேல் பொய் சொல்லும். எது விழுந்தது என்று வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். ஞானமணியின் அங்குல ஸ்கேலுக்கு அக்காள் சந்தனமேரி காக்கித் துணியில் உறை தைத்துக் கொடுத்திருக்கிறாள். "எந்தம்பி கை படாத பஸ்ஸு திருமயம் ரோட்டுல ஓடாதுங்க" என்று கிணற்றடியில் தினம் ஒருத்தியிடமாவது சொல்லிவிடுவாள்.

ஆனால் கம்பெனிப் பதிவேட்டில் அவன் ஹெல்பர். தேசிய சர்டிபிகேட் வைத்திருப்பவன்தான் இனிமேல் ஃபிட்டர் என்று அறுபத்திரண்டில் முதலாளி சொல்லிவிட்டார். வேலையிலேயே பழகியவர்களும் பரீட்சைக்கு உட்காரலாம் என்று கேள்விப்பட்டு ஞானமணி மனுப் போட்டான். அவன் திருச்சிக்கு பஸ் ஏறுமுன்பே சந்தனமேரி கண்ணாடிச் சட்டம் வாங்கி, சுவரில் ஆணியும் அடித்துவிட்டாள்.

பரீட்சையில் கொடுத்த வேலை இதுதான்: இரும்புத் தகட்டில் ஒரு சதுரத் துளை, அதில் இறுக்கமாக உட்காரும் ஒரு சதுரக் கட்டை. படத்தில் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. மேசையில் புத்தம் புது மில்லிமீட்டர் ஸ்கேலும் வைத்திருந்தார்கள். யாருடையதோ, ஞானமணி தொடவில்லை. முப்பத்திரண்டு என்றால் ஒன்றேகால் அங்குலம் என்பது பட்டறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. உறையிலிருந்து தன்னுடையதை உருவினான்.

பரீட்சகர் கட்டையைத் துளையில் செருகி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். எந்தப் பக்கமும் ஒளி கசியவில்லை. நான்கு பக்கமும் திருப்பிச் செருகினார்; அப்போதும் கசியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அளவு பார்க்க வெர்னியர் கருவியை வைத்தார். துளையும் கட்டையும் இரண்டுமே கால் மில்லி குறைவு. அங்குலத்தில் எட்டில் ஒன்று நூல். குறைந்தது அந்த நூலில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

"இப்படி ஒரு ஃபிட்டிங் நான் பாத்ததில்லப்பா. ஆனா படத்துல போட்டது இது இல்லையே" என்று சொல்லி மார்க் தாளில் குறுக்கே கோடு போட்டார்.

சட்டத்துக்குள் இப்போது பழைய காலண்டரில் வெட்டிய அந்தோணியார் இருக்கிறார். அடுத்த வருடம் இன்னொரு தரம் போய்ப் பார்க்கச் சொன்ன அக்காளிடம், "அந்தோணியார எறக்கிப்புட்டா என்னைய மாட்டப்போற?" என்று கேட்டான். அதன் பிறகு கிணற்றடியில் அவள் பஸ் பேச்சே எடுப்பதில்லை.

பட்டறைக்கு நாகராசு சர்டிபிகேட்டோடு ஃபிட்டராக வந்தான். நல்ல பையன், படத்தைப் பார்த்ததும் அளவு சொல்லிவிடுவான். போன வாரம் ஒரு பஸ்ஸின் அச்சில் புஷ் வளையம் உட்காரவில்லை. அரை நாள் மல்லுக்கட்டிவிட்டு, "அண்ணே, இங்கிட்டு வந்து கொஞ்சம் கை வைங்க" என்றான். ஞானமணி உள்சுற்றில் நகத்தை ஓட்டினான், மூன்று இடத்தில் சுரண்டினான். புஷ் விரலால் அழுத்தியதும் இறங்கியது.

நாகராசு வேலைச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு தயங்கினான். "ஒங்க பேரப் போடவாண்ணே?"

"ஃபிட்டர்னு அச்சடிச்ச எடத்துல ஹெல்பர் பேரு எப்புடிப்பா உக்காரும்? ஒன் பேரப் போடு."

நாகராசு கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். அவனுடைய மில்லிமீட்டர் ஸ்கேல் மேசையிலேயே கிடந்தது. ஞானமணி வாசலை ஒரு தரம் பார்த்தான். பதின்மூன்று வருடத்தில் முதல் முறையாக அடுத்தவன் ஸ்கேலைக் கையில் எடுத்தான். உறையை அவிழ்த்துத் தன்னுடையதை அதன் ஓரத்தோடு ஒட்டி வைத்து, ஒன்றேகால் கோட்டில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி, நேரே மில்லிமீட்டர் கோடுகளின் பக்கம் நகர்த்தினான். நகம் முப்பத்திரண்டைத் தொடவில்லை. அதை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்திருந்தான்.