இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்

மைக் கட்டுகிற தொழிலில் ஒரேயொரு வசதிதான் உண்டு: நாங்கள் ஊருக்கே கத்தலாம், ஊர் திருப்பிக் கத்துவது எங்களுக்குக் கேட்காது. ஓட்டோவுக்குள் குந்திக்கொண்டு தண்ணீர் வெட்டு, மலிவு விற்பனை, மரண அறிவித்தல் என்று தொண்டை கிழியத் திரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஓ/எல் பரீட்சையில் எனக்குக் கணக்கு கவிழ்ந்தது. திரும்ப எழுதச் சொன்னார்கள். எனக்குப் பொறுமை இல்லை. துறைமுகப் பக்கம் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் நியாஸ் நானாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம். ஓட்டோவை அவர் ஓட்டுவார், நான் வாசிப்பேன். மைக்கின் சுவிச் இறுகிப்போய்விட்டதால், நிற்பாட்டுவதென்றால் வயரைப் பிடுங்க வேண்டும். பாதி நாள் மறந்துபோவோம்.

கோழி செத்த கதை

எங்கள் ஊரில் பேர்போன அறிவிப்பாளர் ஒருவர் இருந்தார். சண்டைக்காலம் முழுக்க அரசாங்க றேடியோவில் செய்தி வாசித்தவர். பிடித்தவர்கள் அவரை ‘றேடியோ ஐயா’ என்பார்கள். பிடிக்காதவர்கள் ‘அறிக்கை’ என்பார்கள். மேலே இருந்து வந்த அறிக்கையை ஓர் எழுத்து மாற்றாமல் வாசிப்பாராம். ஆனால் திட்டுகிறவனுக்கும் அந்தக் குரல்தான் வேண்டும். விளம்பரம் தர வருகிறவர்கள் எல்லாரும் “அவரை மாதிரிச் சொல்லு பிள்ளை” என்பார்கள். பழைய ஒலிப்பதிவுகளைப் போனில் கேட்டுக் கேட்டு, என் பெட்டைக் குரலை வைத்துக்கொண்டு நானும் பழகினேன். கடைசிச் சொல்லைத் தணித்து, கொஞ்சம் நிறுத்தி, பிறகுதான் மூச்சு விட வேண்டும்.

ஒரு கோழிக்கடையின் மலிவு விற்பனையை அப்படியே வாசித்தேன். கடைக்காரர் கத்தியோடு வெளியே ஓடி வந்தார். “பிள்ளை, கோழி செத்தது எல்லாருக்கும் தெரியும். விலை குறைஞ்சதைச் சொல்லு!”

நாலு பேர்

பிறகு றேடியோ ஐயாவே செத்துப்போனார். மகள்தான் எங்கள் கடைக்கு வந்தார். டீச்சர். எனக்குப் படிப்பிக்காதவர் என்பதால் மரியாதையாக எழும்பி நின்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசி வசனம் எல்லா மரண அறிவித்தலிலும் வருவதுதான்: ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.’ வீடு வீடாக வந்து சொல்ல முடியவில்லை, இதையே நேரில் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இதை எத்தனையோ பேருக்கு வாசித்திருக்கிறேன். ஒருநாளும் யோசித்ததில்லை.

“டவுனுக்குள்ள சுத்தினாப் போதும்தானே டீச்சர்?” என்று நானா கேட்டார். டீச்சர் சாம்பல்தீவுக்கும் போகச் சொன்னார். அவர் அப்பா பிறந்த ஊர் அது. நானா தலையைச் சொறிந்தார். சண்டையில் ஆட்களைப் பறிகொடுத்த அந்தப் பக்கம் இவருடைய பேரைச் சொல்லிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும்.

“எனக்கு அண்ணன் தம்பி இல்லை. என்ர மனுசன் கனடாவில. சொந்தக்காரர் முழுக்க சாம்பல்தீவிலதான். நாளைக்கு அப்பாவைத் தூக்க நாலு பேர் வேணும் தம்பி” என்று நானாவிடம் சொன்னார்.

உறுதிப்படுத்தின செய்தி

முதலில் டவுன். துறைமுகத்து லொறிக்காரர்கள் கூடுகிற தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தி வாசித்தேன். அன்றைக்கு அவரைப் போல வாசிக்கக் கூடாது என்று நினைத்தும், வாய் தானாக அப்படியே போனது. கடைக்குள் கதை நின்றது. ஒருவர் மட்டும் கிளாசை வைத்துவிட்டு எழும்பி நின்றார். மற்றவர்கள் அவரை இழுத்து இருத்தினார்கள்.

நாளைக்கு வருவீர்களா என்று நான் நேராகவே கேட்டேன். மூலையில் இருந்த ஒருவர் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: “அறிக்கை செத்திட்டாரோ? பாதுகாப்புத் தரப்பு உறுதிப்படுத்தினதோ?”

கடை முழுக்கச் சிரித்தது. எழும்பி நின்றவரும் சிரித்தார்.

பிடுங்காத வயர்

சாம்பல்தீவில் ஒருவரும் வெளியே வரவில்லை. நாங்கள் வரவர யன்னல்கள்தான் சாத்துப்பட்டன. ஓர் ஒழுங்கை முடிவில் ஒரு அம்மா நடுவீதியில் வந்து நின்றார். கையில் மீன் வெட்டின ஈரம். நானா ஓட்டோவை நிறுத்தினார். “கடைசியாச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லு” என்றார் அந்த அம்மா. சொன்னேன். அவர் எனக்குக் கிட்டக் குனிந்தார். வயரைப் பிடுங்க நானும் மறந்தேன், நானாவும் மறந்தார். அவர் மெதுவாகச் சொன்னது கூரையில் இருந்த இரண்டு ஸ்பீக்கரிலும் ஊர் முழுக்கக் கேட்டது.

“என்ர மகன் வலைக்குப் போனவன். கடலில பயங்கரவாதி ஒருத்தன் செத்தது எண்டு இவர் அண்டிரவு வாசிச்சவர். அதை நான் இண்டுவரைக்கும் ஏற்றுக்கொள்ளேல்லை. இதை மட்டும் ஏன் ஏற்றுக்கொள்ளோணும்?”

தந்ததை வாசிக்கிறது

திரும்பி வரும்போது நானா தன் கதையைச் சொன்னார். அவர் மூதூர்க்காரர். சண்டையில் ஊரே வெளிக்கிட்டு நடந்தபோது அவருக்கு என் வயது. அவரைப் பெற்ற உம்மா சின்ன றேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு நடந்தாராம். ‘மூதூரில் நிலைமை வழமைக்குத் திரும்பியுள்ளது’ என்று இந்தக் குரல் வாசித்ததாம். “அப்ப நாம ஏன் மகன் நடக்கிறம்?” என்று உம்மா கேட்டாராம்.

எனக்குக் கோபம் வந்தது. “பிறகேன் நானா இந்த ஓட்டத்தைப் பிடிச்சனீங்கள்?” என்று கேட்டேன். நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“தாறதை வாசிக்கிறதுதானே தங்கச்சி நம்மட வேலை. அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.”

ஒழுங்கை முனை

அடுத்தநாள் செத்தவீட்டில் வாடகைக் கதிரைகள் அடுக்கினபடியே இருந்தன. அந்த அம்மா சொன்னதை யாரோ போனில் பதிந்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். டீச்சரும் கேட்டிருந்தார். வாசற் படலையைப் பார்த்தபடியே இருந்தார். தூக்க வந்தவர்கள் மூன்று பேர்: பக்கத்து வீட்டுக்காரர், அவர் மகன், றேடியோவில் ஐயாவோடு வேலை செய்த ஒருவர். சாம்பல்தீவில் இருந்து சொந்தம் ஒன்றும் வரவில்லை. ஐயர் நேரம் போகுது என்றார். ஓட்டோவில் இருந்த நானா தொப்பியைக் கழற்றி சீற்றில் வைத்துவிட்டு, போய் நாலாவது மூலையைப் பிடித்தார். “இவ்வளவுதானா பாரம்?” என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

டீச்சர் படலைவரை வந்தார். ஒழுங்கை முனையில் அந்த மீன்கார அம்மா நின்றார். உள்ளே வரச் சொன்னேன். “செத்தது உண்மையோ எண்டு பாக்க வந்தனான். இதில நிண்டே தெரியுது” என்றார். குரலைக் கேட்டதும் ஆள் யாரென்று டீச்சருக்கு விளங்கிவிட்டது. கிட்டப் போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு. “அம்மா, உங்கட மகன்ர பேர் என்ன?”

அந்த அம்மா பாடை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “இதை உங்கட அப்பா அண்டைக்குக் கேட்டிருக்கலாம், டீச்சர்.”

அதற்குப் பிறகு யார் செத்தாலும் அந்தக் கடைசி வசனத்தை நான் வாசிப்பதில்லை; செத்ததைச் சொல்ல எனக்குச் சம்பளம், ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் கேட்கிறவர்களின் பாடு.