கூடையில் எத்தனை குட்டி

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் ‘கணக்கு சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் தியேட்டரில் அவளுடைய வேலை அப்படி. வயிற்றைத் திறப்பதற்கு முன் கத்தி, கத்தரி, ஊசி, ரத்தம் ஒற்றும் துணி எல்லாவற்றையும் எண்ண வேண்டும். தைத்து மூடுவதற்கு முன் மறுபடி எண்ண வேண்டும். கூடவே இன்னொரு நர்ஸ் நின்று, இரண்டு பேரும் வாய்விட்டு எண்ணியாக வேண்டும். ஒருத்தி மட்டும் எண்ணினால், எவ்வளவு சரியாக இருந்தாலும் அது செல்லாது. அவள் “கணக்கு சரி, டாக்டர்” என்று சொன்ன பிறகுதான் பெரிய டாக்டரே தைக்க ஊசியை எடுப்பார். இத்தனை வருஷத்தில் அவள் சொல் பிசகியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம்?

அப்பேர்ப்பட்டவளை ஒரு பூனை ஆட்டிவைத்தது.

வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கும் அறை. அதன் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து போய், மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று பேச்சிலேயே காலம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டை வழியாக மண் நிறத்தில் வரி போட்ட பூனை ஒன்று, தொங்கும் வயிற்றோடு உள்ளே இறங்கி, அழுக்குத் துணிக் கூடையில் ஏறிப் படுத்துக்கொண்டது. விரட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பழைய போர்வை ஒன்றை மடித்துப் போட்டாள். படுத்திருந்த தோரணையைப் பார்த்து ‘மகாராணி’ என்று பெயரும் வைத்தாள்.

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் தெருப்பக்க அறைதான் அவர் கடை. பூனை முடி காற்றில் மிதந்து வந்தாலே போதும், அடுக்கடுக்காய்த் தும்முவார்.

“உன் மகாராணியோட அந்தப்புரத்துக்கு நான் வரமாட்டேம்மா. கதவ மட்டும் மறக்காம சாத்திடு” என்று முதல் நாளே கையைக் கழுவிவிட்டார்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் கூடைக்குள் மூன்று குட்டிகள். கண் திறக்காமல், ஈரம் காயாமல், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எண்ணிக்கொண்டு, சந்தோஷமாக வேலைக்குப் போனாள்.

மறுநாள் நான்கு. நேற்றே நான்காகத்தான் இருந்திருக்கும், தாயின் வயிற்றுக்கடியில் ஒன்று ஒளிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த நாள் ஆறு. அன்று சாயங்காலமே ஐந்து. போர்வையை உதறினாள், கூடையைத் திருப்பிப் பார்த்தாள், துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடினாள். காணாமல் போனது கிடைக்கவில்லை. மறுநாள் காலை அது கூடையில் இருந்தது.

சாப்பாட்டு விஷயம் இதைவிட மோசம். தட்டு நிறைய வைத்து, மகாராணி அதைத் தின்று முடித்து முகம் துடைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போவாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், அது காலித் தட்டின் முன் உட்கார்ந்து ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கும்.

“என்னங்க, நான் இப்ப பூனைக்குச் சோறு வெச்சேனா இல்லையா?”

“அத எங்கிட்டக் கேட்டா? நான் என்ன அதோட ஒரே தட்டுலயா சாப்பிட்டேன்?”

காலையில் காலைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சும் பூனை, சாயங்காலம் கை நீட்டினால் முன்பின் பார்த்திராத ஆளைப் போலச் சீறியது. ஒருமுறை பிறாண்டியும் விட்டது. பிள்ளை பெற்றவளுக்கு மனம் ஒரு நிலையில் இருக்காது என்று மருந்து போட்டுக்கொண்டாள்.

வேறு யாராவது என்றால் பூனையைச் சந்தேகித்திருப்பார்கள். இவள் தன்னைச் சந்தேகித்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

அவள் அப்பா தபால் பிரிக்கிற வேலையில் இருந்தவர். எந்தத் தெருவில் எந்த எண்ணில் யார் குடியிருக்கிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஏறக்குறைய இவளுடைய வயதில்தான் அவருக்கு ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன், “இன்னும் சாப்பாடு போடலியாம்மா?” என்பார். வந்தவர்களிடம், “என் மக என்னப் பட்டினி போடுறா” என்று குறை சொல்வார். கடைசியில் ஒரு நாள் அவளையே பார்த்து, “நீங்க யாரு?” என்றார். அன்றைக்கு அழுதது போல அவள் அதற்கு முன்பும் பின்பும் அழுததில்லை.

காலித் தட்டின் முன் பூனை கத்தும்போதெல்லாம் அவளுக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது. இதில் அப்பாவைப் போல மறந்தது யார், பூனையா, தானா? இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்ற பயம்.

பயம் தியேட்டருக்குள்ளும் கூடவே வந்தது. வயிற்றை மூடும் நேரம். கூட நின்ற நர்ஸோடு துணிகளை எண்ணி முடித்தாள். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினாள். சரி. மூன்றாம் முறையும் ஆரம்பித்தாள்.

“என்ன சிஸ்டர், துணிய எண்றீங்களா, வானத்து நட்சத்திரத்த எண்றீங்களா?” என்றார் பெரிய டாக்டர். எல்லாரும் முகமூடிக்குள் சிரித்தார்கள். கூட எண்ணிய நர்ஸ் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்தாள்.

“கணக்கு சரி, டாக்டர்” என்றாள். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. மறதிக்காரி ஒருத்தி தியேட்டரில் நின்றால் அதற்கு விலை மேஜைமேல் படுத்திருப்பவரின் உயிர். நாளைக்கே ஹெட் சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும், இனி தியேட்டர் வேண்டாம், வார்டில் எங்காவது போடுங்கள் என்று. பஸ்ஸில் வரும்போதே அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்னறைக்குப் போனாள். காலையில் ஏழு குட்டிகள் இருந்த கூடையில் இப்போது ஐந்து. மகாராணி ஒன்றும் நடக்காதது போல அவற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் பொறி தட்டியது. ஒருத்தி மட்டும் எண்ணினால் செல்லாது! இத்தனை நாளும் அவள் எண்ணியது ஒன்றுகூடச் செல்லாது.

“என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. வந்து எங்கூட எண்ணுங்க.”

“அங்கயா? நானா?”

அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு, மூக்கைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூடைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்.

“வாய்விட்டு எண்ணணும். ஒண்ணு.”

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“ரெண்... ஹச்!”

ஐந்து வரை வந்தார்கள். அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு கூடையைப் பார்த்தார்.

“ஏம்மா, தாயையும் சேத்து எண்ணணுமா?”

“அது ஒண்ணுதானே, அதுல என்ன இருக்கு எண்ண?”

“ஒண்ணா? எனக்கு ரெண்டு தெரியுதே.”

அவள் திரும்பினாள். உடைந்த கண்ணாடி வழியாக மகாராணி உள்ளே தலை நீட்டிக்கொண்டிருந்தது, வாயில் ஒரு குட்டியைக் கவ்வியபடி. கூடையிலும் மகாராணி படுத்திருந்தது. அதே மண் நிறம், அதே வரி. வந்தவள் குதித்து, குட்டியைக் கூடையில் போட்டாள். படுத்திருந்தவள் அதைத் தன் குட்டி போலவே இழுத்து நக்கிவிட்டாள். வந்தவளும் இடித்துக்கொண்டு பக்கத்தில் படுக்க, குட்டிகள் எது கிடைத்ததோ அந்த மடியில் முட்டின.

“அக்கா தங்கச்சியா இருக்கும்” என்றார் அவர். “ஒருத்தி இங்கயே குடித்தனம். இன்னொருத்திக்கு வெளிய எங்கயோ ஒரு வீடு, இங்க ஒரு வீடு. ஒருத்தி உள்ள வந்தா இன்னொருத்தி வெளிய போயிருப்பா, அதான் நீ ரெண்டையும் சேத்துப் பாக்கல. பிள்ளைங்கள மாத்தி மாத்தித் தூக்கிட்டுத் திரியுறா. ரெண்டு வாய்க்கு ஒரே தட்டு வெச்சா கத்தாம என்ன பண்ணும்?”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நான் அப்பா மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சேங்க. நாளைக்குப் போயி, தியேட்டர் வேலை வேணாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன்.”

அவர் மூக்கிலிருந்த துண்டை இறக்கினார்.

“எப்பலேருந்து?”

“குட்டி போட்டதுலேருந்து.”

“இத்தன நாளும் தனியாவா எண்ணிக்கிட்டிருந்தே?”

அவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது, கண்ணும் மூக்கும் ஒழுகின. ஆனாலும் கதவுப் பக்கம் நகரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடைப் பக்கம் குனிந்தார்.

“சரி, மொதல்லேருந்து வா. ஒண்ணு.”

“ஒண்ணு” என்றாள் அவள்.