முப்பது முப்பதாக எண்ணிய வருஷம்

என் தம்பி போன மாதம் ஓய்வு பெற்றான். முப்பத்து நான்கு வருஷம் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அறை, ஒரே வேலை: ரத்தம் எடுப்பது. அவன் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் "எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். அவன் அதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பான். நரம்பே தெரியாத கிழவிகளை மற்ற வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வைத்து அவனிடம்தான் கொண்டுவருவார்கள். இவ்வளவு கெட்டிக்காரனுக்கு எங்கள் குடும்பத்தில் என்ன பெயர் தெரியுமா? டாக்டர். சும்மா கேலிக்கு. "டாக்டர் வந்தாச்சு, இலையைப் போடலாம்" என்று சித்தப்பா சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். நான் மட்டும் தண்ணீர் எடுக்கப் போய்விடுவேன்.

ஏன் என்று சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அதற்கு என்னை என்ன திட்டினாலும் தகும்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது நகரத்து மருத்துவக் கல்லூரியில் வருஷத்துக்கு ஒருநாள் பொதுமக்களை உள்ளே விடுவார்கள் என்று கேள்விப்பட்டு நான்தான் அவனை பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஒரு கூடத்தில் எலும்புக்கூடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் கிட்டே போகப் பயந்து ஓடினார்கள். இவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, அங்கே நின்ற ஆசிரியரிடம், "சார், இவர் நொண்டி நொண்டி நடந்தாரா?" என்று கேட்டான். அவர் குனிந்து பார்த்தார். தொடை எலும்பு எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. "இத்தனை வருஷமா இதைத் தொங்கவிட்டிருக்கோம், ஒருத்தரும் கேக்கல. நீ இங்க வந்து சேருடா" என்றார் அவர். அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னார். இவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்கு உலகத்தில் வேறு கல்லூரியே கிடையாது.

ஆனால் இடம் கிடைத்தது வேறு கல்லூரியில். இரண்டு முறை எழுதி, இரண்டாவது முறை, எங்கோ ஒரு மூலையில் புதிதாகத் தொடங்கிய கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அதற்குச் சொந்தமாக ஆஸ்பத்திரிகூடக் கிடையாது. நோயாளியைப் பார்க்க ஒரு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். பத்து நாளில் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. இவன் விரும்பிய கல்லூரியிலோ ஒரு விதி இருந்தது. விண்ணப்பத்தின் கடைசி நாளான ஜூன் முப்பதுக்கு முன் முழுசாக ஒரு வருஷம் அந்த நகரத்தில் குடியிருந்தவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் இடம். அந்தப் பட்டியலில் இவன் மதிப்பெண்ணுக்கு இடம் உறுதி. பொதுப் பட்டியலில் கிடைப்பது கஷ்டம். அடுத்த வருஷத்தோடு வயது வரம்பும் முடிகிறது. ஆக, கையில் இருப்பதை விட்டால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

நான் அப்போது அதே நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் மூன்று வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. தம்பி கடைக்குத்தான் போன் செய்தான்.

"அக்கா, அம்மா போய்ச் சேருன்னு சொல்றாங்க. அப்பா வாயே திறக்கல. நீ சொல்லு. போகட்டுமா, விட்டுட்டு அங்க வந்துடட்டுமா?"

"அதை விட்டுத் தள்ளு. இங்க வா. என்கூட ஒரு வருஷம் இரு. அப்புறம் அடுத்தது அந்தக் காலேஜ்தான்" என்றேன்.

யோசித்துச் சொன்னதுபோல் குரலை வைத்துக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. மூன்று வருஷமாக சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையை விட்டு வந்தால் மறுநாள் காலைவரை நான் வாய் திறந்து பேச ஓர் ஆள் கிடையாது. கீழே இருக்கும் சலவைக்காரரிடம், "என்ன, இன்னைக்குத் துணி அதிகமோ?" என்று வலியப்போய்க் கேட்பேன். அவர் என்னைப் பார்த்தாலே உள்ளே போய்விடுவார். தம்பி வந்தால் வீட்டில் ஒரு மனித முகம் இருக்கும். அந்த ஆசை அவன் எதிர்காலத்தைவிட எனக்கு ஒரு படி முன்னால் நின்றது. அதுதான் உண்மை.

எப்போது வரவேண்டும் என்று கேட்டான். கடைச் சுவரில் காலண்டர் தொங்கியது. எங்கள் தொழிலில் மாதம் என்றால் முப்பது. முப்பத்தொன்று என்பது கிடையாது, பிப்ரவரி கிடையாது. ஒரு மாத மாத்திரை என்றால் முப்பது, ஒரு வருஷத்துக்கு என்றால் பன்னிரண்டு முப்பது. எண்ணி எண்ணி விரல் அதற்கே பழகிவிட்டிருந்தது. அடுத்த ஜூன் முப்பதிலிருந்து பென்சிலைப் பின்னோக்கி நகர்த்தி, முப்பது முப்பதாகப் பன்னிரண்டு முறை எண்ணினேன். பென்சில் இந்த ஜூலை ஐந்தில் வந்து நின்றது.

"ஜூலை அஞ்சுக்குள்ள வந்தாப் போதும்."

"இந்தச் சனிக்கிழமையே வந்துடட்டுமாக்கா? மூட்டை கட்டியாச்சு." சனிக்கிழமை ஜூன் இருபத்தெட்டு.

"வேண்டாம் வேண்டாம். அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கேன். பாதிச் சுவர் உரிஞ்சு கிடக்கு. அஞ்சாம் தேதியே வா."

வெள்ளையடித்த அறைக்கு அவன் வந்து இறங்கினான். அன்றே வட்ட அலுவலகத்துக்கு இழுத்துப்போய் முகவரியைப் பதிந்தேன். ஜூலை ஐந்து என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நான்தான் பத்திரமாக மடித்து டப்பாவில் வைத்தேன்.

அந்த வருஷத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அறைக்கு நடுவில் என் பழைய புடவையைக் கயிற்றில் போட்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். கீழே இஸ்திரி போடத் தொடங்கினால் எங்கள் தரை சூடாகும். குளிர்காலத்தில் இருவரும் அந்த மூலையில்தான் உட்கார்ந்திருப்போம். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதே என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஆயிரத்தோராவது தடவையும் போட்டான். துண்டைத் தூக்கி அவன் புத்தகத்தின்மேல் எறிந்தேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே டீ போட்டுக் கொண்டுவந்தான். சர்க்கரைக்குப் பதில் உப்பு. தெரிந்தே போட்டானா என்று இன்றுவரை சொல்லவில்லை.

கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. முதலில் குழாய்களில் பெயர் ஒட்டுவது. பிறகு ஆளில்லாத ஒருநாள் ஊசியைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் திரும்ப வாங்கவில்லை. காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கிளம்புவோம். பஸ்ஸில் ஒரு விளையாட்டு. அவன் நோயைச் சொல்வான், நான் மருந்தைச் சொல்லவேண்டும். "மூச்சு இரைக்குது, கால் வீங்கியிருக்கு, படுத்தா தூக்கம் வரல" என்று அவன் சத்தமாகச் சொல்ல, முன் சீட்டுப் பெரியவர் திரும்பி, "எனக்கும் அதேதான் தம்பி" என்று ஆரம்பித்துவிட்டார். இறங்கும் இடம் தாண்டியும் அவர் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரியின் பின்பக்கச் சுவரோரம் போய் உட்காருவோம். விடுதி ஜன்னல்கள் தெரியும். "மூணாவது மாடி, கடைசிக்கு முந்தினது. அதுதான் என் ரூம்" என்பான். "அதுல இப்ப இருக்கிறவன் பனியனை ஜன்னல்லயே காயப்போடறான். முதல்ல போய் அந்தக் கம்பியைக் கழுவு" என்பேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். நான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன், வீடு மாறினேன், பிள்ளை பெற்றேன், எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனாலும் என் வாழ்க்கையில் எந்த வருஷம் திரும்ப வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் அதைச் சொல்வேன். அதைத்தான் சொல்லக் கூடாது. அந்த வருஷம்தான் அவனை அடித்துப்போட்டது.

ஜூன் நடுவில் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனோம். நான் அரைநாள் விடுப்பு. ஜன்னலுக்குள் இருந்தவர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, முகவரிச் சீட்டில் வந்ததும் நின்றார்.

"இது ஜூலை அஞ்சு போட்டிருக்கே."

"ஆமா சார். இந்த முப்பதோட ஒரு வருஷம் ஆயிடும்" என்றேன் நான், அவனுக்கு முந்திக்கொண்டு.

"எங்கம்மா ஆகுது? ஜூன் முப்பதுக்கு ஒரு வருஷம் முடியணும். இவருக்கு அஞ்சு நாள் குறையுது."

"இல்ல சார், நான் எண்ணினேன். பன்னிரண்டு முப்பது..." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. முந்நூற்று அறுபது. மாத்திரைக்குச் சரி. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மூட்டை கட்டி வைத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டவனை வெள்ளையடிக்கிறேன் என்று நிறுத்தியதும் நான்தான்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "பொதுப் பட்டியல்ல போட்டுக்கோங்க சார்" என்று மட்டும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன். "விடுக்கா, பொதுவுலயே கிடைச்சாலும் கிடைக்கும்" என்று என்னைத் தேற்றிக்கொண்டு வந்தான்.

கிடைக்கவில்லை. பட்டியல் வந்த அன்று என் கடைக்கு வந்து அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்தான். நான் பக்கத்தில் நின்று யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மார்க் பத்தலம்மா" என்றான்.

அவ்வளவுதான். அம்மா அந்தப் பக்கம் ஏதோ கேட்டாள். கொஞ்சம் ஊன்றிப் படித்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டிருப்பாள். "ஆமாம்மா, என் தப்புதான்" என்றான். போனைப் பிடுங்கி, "அம்மா, அவன் தப்பு இல்ல" என்று சொல்ல எனக்கு ஒரு கை நீளம்தான் தூரம். கை நீளவில்லை. எனக்கு அம்மாவிடம் திட்டு வாங்கப் பயம். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இனி இவன் எங்கும் போகமாட்டான், இங்கேயே இருப்பான் என்று உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. கேவலம்தான். ஆனால் இருந்தது.

அதன்பிறகு குடும்பத்தில் கதை அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் ஆகவேண்டிய பிள்ளை ஊர் சுற்றி மார்க்கைக் கோட்டை விட்டான். கிடைத்த இடத்தையும் திமிரில் வேண்டாம் என்றான். நான் நாளை சொல்லலாம், அடுத்த முறை எல்லோரும் கூடும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வருஷம் தள்ளும்போதும் சொல்வது இன்னும் கஷ்டமானது.

போன மாதம் அவன் ஓய்வு பெற்றதற்கு அவன் வீட்டில் மதியச் சாப்பாடு. சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, பழைய கேலி மட்டும் குறையவில்லை. "அன்னைக்கு மட்டும் கொஞ்சம் ஒழுங்காப் படிச்சிருந்தா இன்னைக்கு நிஜ டாக்டரா ரிட்டயர் ஆகியிருப்பே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனுடைய மகள்களும் சிரித்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"மார்க் இல்ல, சித்தப்பா. அஞ்சு நாள் குறைஞ்சுது. தேதியை எண்ணினது நான். தப்பா எண்ணினேன். மூட்டை கட்டி வெச்சவனை முன்னாடியே வராதேன்னு தடுத்ததும் நான்தான். அவன் ஒழுங்காத்தான் படிச்சான்."

அவன் மனைவி, முப்பது வருஷம் அவனோடு வாழ்ந்தவள், தட்டில் கையை வைத்தபடி அவனையே பார்த்தாள். அவளுக்கும் சொல்லியிருக்கவில்லை. அவன் எழுந்து கை கழுவப் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"கோபமாடா?"

"இல்லக்கா." குழாயை மூடினான். "முதல் கொஞ்ச வருஷம் நீ சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன். எல்லாரும் ஒண்ணா உக்காரும்போது உன் மூஞ்சியைத்தான் பாப்பேன். நீ தண்ணி எடுக்கப் போயிடுவே."

"அப்புறம்?"

"அப்புறம் அம்மா போயிட்டாங்க. அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியணும்னு நினைச்சேன்."

துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "வா, எல்லாரும் காத்துட்டிருப்பாங்க" என்று எனக்கு முன்னால் நடந்தான்.