பிரேக் அக்காவும் கால் விரிந்த வாத்தும்

அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் அவளைப் பிரேக் அக்கா என்றுதான் சொல்வார்கள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பதினேழு வருஷமாக அதை மிதித்து மிதித்து, அவளுடைய வலது செருப்பு மட்டும் ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும். இடது செருப்பு அப்படியே புதுசாக இருக்கும்.

கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். ஆனால் கியரைத் தப்பாகப் போட்டவர்களையோ, பின்னால் எடுக்கச் சொன்னால் முன்னால் பாய்ந்தவர்களையோ அவள் ஒரு சொல் கடிந்ததில்லை. "தெரியாம செய்யறவங்க மேல கோபப்பட்டா நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல" என்பாள். தெரிந்தே செய்கிறவர்களைக் கண்டால்தான் மூக்கு விடைக்கும். நடைபாதையில் வண்டியை ஏற்றியவனிடம் கண்ணாடியை இறக்கி நாலு கேள்வி கேட்காமல் நகரமாட்டாள். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மாணவிக்குத்தான் உதறும்.

பயிற்சிப் பள்ளி இருந்த கட்டடத்தின் மாடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கைக்குழந்தைகளைப் படம் எடுப்பதில் பேர் வாங்கியது. முப்பது வயது ஸ்டூடியோக்காரர் அந்த வருஷம் ஒரு புது யோசனை கண்டுபிடித்திருந்தார். குழந்தையை நடுவில் படுக்கவைத்துச் சுற்றிலும் உயிருள்ள வாத்துக் குஞ்சுகளை விட்டுப் படம் எடுப்பது. சாதாரண வாத்து இல்லை. பெரிதானால் கழுத்தை நீட்டி ஆளைத் துரத்துமே, அந்தக் கூஸ் வாத்து. பிறந்து சில நாளே ஆன ஆறு குஞ்சுகள் வந்து இறங்கின.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை காரை எடுக்க வந்தவள், குப்பைத்தொட்டி பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம் கேட்டுத் திறந்து பார்த்தாள். மஞ்சளும் சாம்பலுமாக ஒரு குஞ்சு. இரண்டு காலும் இரண்டு பக்கமும் அகல விரிந்து, வயிறு தரையோடு ஒட்டிக் கிடந்தது. இவள் முகத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்து கத்தியது.

படியிறங்கி வந்த ஸ்டூடியோக்காரரை நிறுத்தினாள்.

"தம்பி, இது உங்களோடதா?"

"ஆமாக்கா. அது வேஸ்ட். நிக்க மாட்டேங்குது. எப்படி வெச்சாலும் சரிஞ்சிடுது."

"உயிரோட இருக்குது தம்பி."

"கொஞ்ச நேரத்துல தானா போயிடும்க்கா. குப்பை வண்டி எப்படியும் ஒம்பது மணிக்கு வந்துடும்."

சொல்லிவிட்டுப் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வழக்கமான நாலு கேள்வியை அவள் ஆரம்பிப்பதற்குள் ஆள் தெருமுனைக்குப் போயிருந்தார். அப்புறம் பெட்டியைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் வைத்து, அது ஆடாமல் இருக்க சீட் பெல்ட்டையும் மாட்டினாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிருக வைத்தியசாலைக்குப் போனாள். வரவேற்பில் இருந்த பெண் படிவத்தை நீட்டினாள். நாய், பூனை என்று இரண்டே கட்டம்.

"இது வாத்தும்மா."

"ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணுங்க மேடம். இல்லன்னா கம்ப்யூட்டர் எடுக்காது."

பூனை என்று குறித்து உள்ளே போனாள். டாக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கையை நீட்டித் தொடக்கூட இல்லை. "இதுக்கெல்லாமா வைத்தியம்? இது போனா இன்னொண்ணு வாங்கிக்குங்களேன்."

"இதையே நான் வாங்கல டாக்டர். குப்பைத்தொட்டிகிட்ட கிடந்துச்சு."

"அப்ப இன்னும் சுலபம்" என்றார் டாக்டர்.

எழுந்து வந்துவிட்டாள். கதவை எப்படிச் சாத்தினாள் என்பதை அந்த வைத்தியசாலையில் இருந்த நாய்கள் எல்லாம் குரைத்துச் சொல்லின.

வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்ப்பவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருந்தார். சாயங்காலம் படியேறி மூச்சு வாங்க வந்தவர், குளியலறையில் கேட்ட சத்தத்துக்குக் காதைத் தீட்டினார்.

"என்னம்மா அது? நம்ம வீட்ல ஏற்கனவே ஒரு ஆள் கத்தறது பத்தலியா?"

அவள் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். குப்பை வண்டி வரும் நேரத்தை இரண்டு தடவை சொன்னாள். அவர் டூல் பையைத் திறந்து, ஒரு வயரும் பல்பும் எடுத்து, பெட்டிக்கு மேலே சூடு படும்படி கட்டித் தொங்கவிட்டார்.

மறுநாள் குஞ்சு ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீரை மூக்கருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டது. கத்தலும் குறைந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பும் முன் அவள் குளியலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, விரல் நுனியால் அதன் அலகில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள்.

"ஏய், இங்க பாரு. செத்துகித்து வெச்சிடாத. நீ செத்தா அந்தாளு சொன்னது சரின்னு ஆயிடும். புரியுதா?"

புரிந்ததோ என்னவோ, மூன்றாவது சொட்டை விழுங்கியது.

தனியாக விட்டால் கத்தியது. அதனால் காரிலேயே கொண்டுபோனாள். அன்று பத்து மணி வகுப்பு முட்டைக்காரம்மாவுக்கு. கோழிப் பண்ணையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே சொந்தமாக நூறு கோழி வளர்ப்பவள். முட்டை வேனைத் தானே ஓட்டவேண்டும் என்று கற்றுக்கொள்ள வந்திருந்தாள். இரண்டாவது கியர் போடும்போது பின்சீட்டில் சத்தம் கேட்டுச் சட்டென்று வண்டியை நிறுத்தினாள். பிரேக் அக்கா மிதிக்காமல் மாணவியே மிதித்த முதல் பிரேக் அது.

குஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க வளர்ந்துச்சு டீச்சர்? வழுக்குற தரையிலயா?"

ஸ்டூடியோவில் தரை முழுக்கப் பளபளவென்று வெள்ளை ஷீட் விரித்திருப்பதைப் பிரேக் அக்கா சொன்னாள்.

"அதான். குஞ்சுக்குக் கால் ஊனப் பிடிமானம் இல்லன்னா இப்படித்தான் விரிஞ்சிடும். கோழித் தீவனம் மட்டும் போட்டிருப்பாங்க. வாத்துக்கு அதுல ஒரு சத்து பத்தாது. நியாசின்னு ஒரு வைட்டமின். இது நோயே இல்ல டீச்சர். பார்த்துக்காம விட்டது."

அந்தக் கடைசி வார்த்தை பிரேக் அக்காவைச் சுட்டது. நோய் என்றிருந்தால் விதி என்று விட்டிருப்பாள்.

முட்டைக்காரம்மா சொன்னபடியே எல்லாம் செய்தாள். இரண்டு காலும் சரியான இடைவெளியில் நிற்கும்படி மெல்லிய துணி நாடாவை எட்டு மாதிரி சுற்றிக் கட்டினாள். வைட்டமினைத் தண்ணீரில் கலந்து கொடுத்தாள். புல்லைப் பொடியாக நறுக்கிப் போட்டாள். நிற்கப் பிடிமானமாகக் காரில் காலடியில் போடும் ரப்பர் பாயைக் கழுவிக் கொண்டுவந்து விரித்தாள். காலையில் பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து மிதக்கவிட்டாள். தண்ணீருக்குள் கால்கள் இரண்டும் தாமாகவே துடுப்புப் போட்டன.

"டீச்சரம்மா வீட்டுக்கு வந்தா எட்டுப் போடாம பாஸாக முடியாது போல" என்றார் கணவர். அதற்கு எல்-போர்டு என்று பெயர் வைத்ததும் அவர்தான். நாலாம் நாள் அது எழுந்து நின்றது. இரண்டு வினாடி. அப்புறம் மூக்கு முட்ட விழுந்தது. அடுத்த வாரம் நாடாவை அவிழ்த்தபோது, குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டே அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்துபோய், கணவரின் கால் பெருவிரலைக் கடித்தது. "ஐயோ" என்று கத்திய மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலியால் என்று சாதித்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை. எல்-போர்டு அவள் பின்னாலேயே நடந்து வந்ததை ஸ்டூடியோக்காரர் பார்த்துவிட்டார்.

"அட, நம்ம வாத்து! தேறிடுச்சா? சூப்பர்க்கா! ஞாயித்துக்கிழமை ரெட்டைக் குழந்தைங்க ஷூட் இருக்கு. ஒண்ணு குறையுதேன்னு பார்த்தேன். மேல விட்டுடுங்க."

நம்ம வாத்தாம்! பன்னிரண்டு நாளாக அடக்கிவைத்திருந்த கோபம் அப்போதுதான் உடைந்தது. எல்-போர்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் படியேறினாள்.

மேலே ஒரு தாய் தன் ஐந்து மாதக் குழந்தையோடு காத்திருந்தாள். வெள்ளை ஷீட்டில் ஐந்து குஞ்சுகள். இரண்டு வழுக்கி வழுக்கி எழுந்தன. மூன்று எழவே இல்லை.

"என்ன இதெல்லாம் படுத்தே கிடக்கு?" என்று தாய் கேட்டாள்.

"க்யூட்டா உக்காந்திருக்கு மேடம்" என்றார் பின்னாலேயே ஓடிவந்த ஸ்டூடியோக்காரர்.

"உக்காந்திருக்கலம்மா. எந்திரிக்க முடியல" என்றாள் பிரேக் அக்கா. "உங்க குழந்தை அழகா தெரியணும்னு இதுங்க கால ஒடைச்சு வெச்சிருக்காரு. முடியாமப் போனா குப்பைத்தொட்டி. இது அங்க இருந்துதான் வருது. கேட்டுப் பாருங்க, குப்பை வண்டி எத்தனை மணிக்குன்னு கரெக்டா சொல்லுவாரு!"

தாய் எழுந்துவிட்டாள். குழந்தையின் தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் புகார் பயிற்சிப் பள்ளி முதலாளியிடம் போயிற்று. முதலாளி சாது. சண்டை நடக்கும் பக்கமே போகமாட்டார்.

"ஒரு மன்னிப்பு கேட்டுடும்மா. வாத்தையும் குடுத்துடு. நம்ம ஆளுங்களுக்கு லைசென்ஸ் போட்டோ எல்லாம் அவர்தானே எடுத்துத் தர்றாரு."

அவள் கார் சாவியை மேஜை மேல் வைத்தாள். "மன்னிப்பு கேக்கற மாதிரி நான் எதுவும் செய்யல சார். கேக்கணும்னா அவர் கேக்கட்டும். என்கிட்ட வேணாம், அதுங்ககிட்ட."

முதலாளி சாவியைப் பார்த்தார். வெளியே வகுப்புக்குக் காத்திருந்த நாலு பெண்களைப் பார்த்தார். நாலு பேரும் அவளுக்காக வந்தவர்கள். சாவியை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"காருக்குள்ள அசிங்கம் பண்ணாம பாத்துக்கோ."

"சீட் கவர ரெண்டு தடவை துவைச்சாச்சு சார்."

அன்று சாயங்காலம் ஸ்டூடியோவின் படியடியில், அவள் கார் நிற்கும் இடத்தில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே ஐந்து குஞ்சுகள். ஒரு சீட்டு இல்லை, ஒரு வார்த்தை இல்லை. ரப்பர் பாய் பத்தாமல் கணவர் இன்னும் இரண்டு வாங்கி வந்தார். நாலு தேறின. ஒன்றுக்கு நாள் கடந்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் அவள் மடியிலேயே தலையைத் தொங்கப்போட்டது. "பத்து நாள் முன்னாடி குடுத்திருந்தா பொழைச்சிருக்கும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவர் மற்ற நாலுக்கும் புல் நறுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாடியில் ஐந்து கூஸ் வாத்தை வைத்திருக்க முடியாது. அடுத்த மாதம், லைசென்ஸ் வாங்கியிருந்த முட்டைக்காரம்மா தானே வேனை ஓட்டி வந்து ஏற்றிக்கொண்டுபோனாள். அவள் வீட்டுப் பின்னால் ஒரு குட்டை உண்டு. போய் இறக்கிவிட்டதும் ஐந்தும் வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கின. எல்-போர்டு முதலாவது. பின்னாலேயே காரில் போயிருந்த பிரேக் அக்கா கரையில் நின்று பார்த்தாள். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "நன்றிகெட்டதுங்க" என்றாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

திரும்பி வந்து காரை நிறுத்தியபோது ஸ்டூடியோ வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். பளபளவென்ற வெள்ளை ஷீட்டில் ஒரு குழந்தை. அதைச் சுற்றி ஆறு முயல் குட்டிகள்.

வகுப்புக்குக் காத்திருந்த மாணவி ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டுவிட்டாள். "அக்கா, வண்டிய எடுக்கட்டுமா?"

"இருடா கண்ணு. எஞ்சினை அணைச்சுடு" என்று சொல்லிவிட்டுப் பிரேக் அக்கா படியேறினாள்.