ஆறாவது வாளி

எங்கள் அக்காவுக்குத் தக்காளி பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சாப்பிடும்போது ஒரு தோல் தட்டுப்பட்டாலும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒட்டிவைப்பாள். அப்படிப்பட்டவள்தான் எந்தத் தக்காளியை வளர்ப்பது என்று மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினாள்.

பூட்டுக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள் அவள். ஒவ்வொரு பூட்டிலும் சாவியைப் போட்டு மூன்று தடவை திருப்புவாள். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. சிவப்புச் சீட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒரு வரி எழுதுவாள். கம்பெனியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘சிவப்புச் சீட்டு வருது’ என்பார்கள், மெதுவாக.

அத்தானுக்கு அதே கம்பெனியில் கழிவுப் பிரிவு. சிவப்புச் சீட்டு கட்டிய பூட்டெல்லாம் அவரிடம் போகும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. சுத்தியலால் நசுக்கி, உருக்க அனுப்பும் பீப்பாயில் போட்டுவிட்டு, சீட்டுகளை மட்டும் மாலையில் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். உடைத்ததற்கு அத்தாட்சி அதுதான். அக்கா கட்டுவாள், அத்தான் உடைப்பார். இதைவிடப் பொருத்தமாக ஒரு ஜோடியைத் தேடினாலும் கிடைக்காது.

இரண்டு பேரும் ஓய்வு பெற்று என் வீட்டு மாடிக்குக் குடிவந்தார்கள். கீழே நானும் என் தையல் மெஷினும். மாடியில் இரண்டு அறை, ஒரு மொட்டைமாடி. அந்த மொட்டைமாடிக்கு நேர் கீழேதான் என் படுக்கையறை. அக்கா முதல் செடி வைத்த மாதமே என் கட்டிலுக்கு மேலே கூரையில் ஒரு கறை வந்தது. ஏறிப் போய்ச் சொன்னேன்.

“ஆறு வாளி. அதுக்கு மேல ஒண்ணு வந்தாலும் நானே கவுத்துடுவேன்.”

ஆறு என்றதும் அக்காவுக்கு வேலை வந்துவிட்டது. தபாலில் விதை பரிமாறிக்கொள்ளும் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களிடமிருந்து பட்டியல் வாங்கினாள். நாற்பத்து மூன்று நாட்டு ரகங்கள். கடையில் வாங்கும் வீரிய ரகத்தில் விதை எடுத்தால் அடுத்த வருடம் என்ன காய்க்கும் என்று யாருக்கும் தெரியாது. நாட்டு ரகம் அப்படியே தாயைக் கொண்டு பிறக்கும். அதனால் நாட்டு ரகம்தான் வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எது என்பதில்தான் எல்லாச் சந்தேகமும்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஓர் அட்டவணை தயாரித்தாள். தோல், வெடிப்பு, வடிவம், காய்க்கும் நாள், சுவை. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். தின்னாதவள் சுவைக்கு எப்படி மார்க் போடுவாள் என்று கேட்டேன். மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் போடுகிறாளாம். நான் ஊசியில் நூல் கோர்க்கும் நேரமாகப் பார்த்துத் தினமும் இறங்கி வருவாள்.

“வரி போட்ட ரகத்துக்கு முப்பத்தெட்டு. இதய வடிவத்துக்கும் முப்பத்தெட்டு. எதை எடுக்கலாம் சொல்லு.”

“கண்ணை மூடி ஒண்ணை எடு.”

“அப்படியெல்லாம் எடுக்க முடியாது.”

“அப்ப என்கிட்ட ஏன் கேக்கற?”

அட்டவணையை மடித்துக்கொண்டு ஏறிப் போவாள். அடுத்த நாள் திரும்பவும் வருவாள். அந்த வருடம் அவள் தேர்ந்தெடுத்த ஆறில் முதலிடம் ஒரு கறுப்புத் தக்காளிக்கு, ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு. அது மொத்தமே இரண்டு காய் காய்த்தது, இரண்டும் அடி கறுத்து அழுகின. அட்டவணையைத் திருத்தி, மறுவருடமும் அதையே வைத்தாள்.

இதற்கு நடுவே அவள் மேஜை இழுப்பறையில் ஒரு கவர் கிடந்தது. அனுப்பியவள் பாட்டுக்காரி. கம்பெனியில் பூட்டுக்கு ஸ்பிரிங் கோர்த்தவள், வேலை செய்யும்போது எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள் என்பதால் அந்தப் பெயர். அக்காவுக்கு என்று ஒரே ஒரு சிநேகிதி இருந்தாள் என்றால் அவள்தான். அவள் ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தபோது, அவள் கோர்த்த நானூறு பூட்டுக்கு அக்கா சிவப்புச் சீட்டு கட்டினாள். காரணம், ஸ்பிரிங் தளர்வு. தளர்வாகத்தான் இருந்திருக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் பக்கத்து மேஜையில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் தள்ளுவண்டியில் ஏற்றி அத்தானிடம் அனுப்பிவிட்டாள். பாட்டுக்காரி அதன்பின் ஆறு வருடம் பேசவில்லை.

பிறகு திடீரென்று அந்தக் கவர் வந்தது. பன்னிரண்டு விதையும் ஒரு துண்டுக் காகிதமும். ‘இருபது வருஷமா நான் விதை எடுத்து வைத்த தக்காளி. வேறு யாரிடமும் கிடையாது. நீ எதையும் தவறவிட மாட்டாய்.’ வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், இல்லை போன் செய்திருப்பாள். எங்கள் அக்கா ‘கிடைத்தது’ என்று ஒரு கார்டு போட்டாள். பிறகு, பாட்டுக்காரி முன்பு கம்பெனிக்குக் கொண்டுவந்த பழங்களை ஞாபகத்தில் வைத்து, அந்தத் தக்காளிக்கு மார்க் போட்டாள். தட்டையான பழம், மேல்பக்கம் வெடிக்கும், பழுத்தாலும் காம்புப் பக்கம் பச்சை போகாது. ஐம்பதுக்குப் பத்தொன்பது. இரண்டு வருடமும் அதற்கு வாளி கிடைக்கவில்லை.

மூன்றாம் வருடம் பாட்டுக்காரியே போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன், குரல் வெளியே கேட்டது.

“பையன் வீட்டுக்கு மாறி வந்தப்போ என் விதை டப்பா எங்கயோ போச்சுடி. இங்க சுவரோரமா கொஞ்சம் மண்ணு இருக்கு. உனக்கு அனுப்பினது இருக்குல்ல? அடுத்த பருவத்துக்குக் கொஞ்சம் குடு.”

“இருக்கு,” என்றாள் அக்கா.

“எனக்குத் தெரியும். உன்கிட்ட இருந்தா எங்க போகும்?”

போனை வைத்த கையோடு இழுப்பறையைத் திறந்தாள். ஆறாவது வாளியில் நாற்பத்திரண்டு மார்க் கறுப்புத் தக்காளி ஒரு சாண் வளர்ந்திருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தாள். அப்போதுதான் எனக்கே பயம் வந்தது. புது விதை எடுத்துக் கொடுக்க அந்தப் பன்னிரண்டையும் அதில் போட்டாள். பழைய விதை, மூன்றுதான் முளைத்தது. இரண்டு கழுத்து ஒடிந்து சாய்ந்தன. ஒன்று நின்றது.

அந்த ஒற்றைச் செடியை அவள் பார்த்துக்கொண்ட அழகு இருக்கிறதே, பெற்ற பிள்ளைக்குக்கூட அத்தனை தடவை எழுந்திருக்கமாட்டார்கள். பூத்ததெல்லாம் வெயிலில் கொட்டி, மூன்றே மூன்று காய் தங்கியது. அப்போதும் அட்டவணையை விட்டாளா? ‘இலை ஓரத்தில் வெட்டு இல்லை. தக்காளி இலை மாதிரியே இல்லை. மைனஸ் இரண்டு.’

“இந்த நிலைமையிலயும் மார்க்கா?” என்று கத்தினேன்.

“இருக்கிறதை எழுதி வைக்கணும்ல.”

ஓய்வு பெறும்போது கம்பெனியிலிருந்து பழைய சீட்டுக்கட்டு இரண்டு கொண்டுவந்திருந்தாள். மற்ற ஐந்து வாளிப் பழத்துக்கும் பச்சைச் சீட்டு, சமையலுக்குப் போகலாம் என்று. விதைக்கான மூன்று காய்க்கும் சிவப்புச் சீட்டு, ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று. அவளுடைய முப்பத்தொரு வருடப் புத்தியில் அது அவ்வளவு தெளிவு.

காய்கள் நிறம் திரும்பும் நேரத்தில் அவளுக்குக் கண் ஆபரேஷன். எட்டு நாள் படி ஏறக் கூடாது, குனியக் கூடாது. என் வீட்டில்தான் படுத்திருந்தாள். கூரையில் அந்தக் கறையைப் பார்த்தபடி அத்தானுக்குச் சொல்லி அனுப்பினாள், பச்சைச் சீட்டுப் பழத்தைப் பறித்துச் சமையலுக்கு எடுக்கலாம் என்று. சிவப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன என்று நினைத்திருக்கிறாள். தெரிந்ததுதான் வினையாகப் போனது.

ஒன்பதாம் நாள் அவளைக் கைப்பிடித்து மாடிக்கு ஏற்றினேன். ஆறாவது வாளியில் மண்தான் இருந்தது.

“செடி எங்க?” என்றாள் அக்கா.

“அது ரிஜெக்ட் தானே,” என்றார் அத்தான். “மூணும் பழுத்ததும் எடுத்து நசுக்கி உரத்தொட்டில போட்டுட்டேன். காய்ச்சது அத்தனையும் சிவப்புன்னா செடியை மட்டும் எதுக்குத் தண்ணி ஊத்தி வளர்க்கணும்? அதையும் பிடுங்கிட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து மூன்று சிவப்புச் சீட்டையும் எடுத்து நீட்டினார். “நீ கேப்பேன்னு பத்திரமா வச்சிருந்தேன்.”

அக்கா கத்தியிருந்தால் தேவலை. சீட்டை வாங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அத்தான்?”

“அவ கட்டினதை நான் என்னிக்குக் கேட்டிருக்கேன்?” என்றார். பாவம், அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

மறுநாளிலிருந்து போன் அடித்தது. பாட்டுக்காரிதான். அக்கா எடுக்கவே இல்லை. “எடுத்துச் சொல்லித் தொலையேன், தப்பு நடந்துபோச்சுன்னு,” என்றேன். ஊரார் தப்பையெல்லாம் சீட்டில் எழுதிக் கட்டித் தொங்கவிட்டவளுக்குத் தன் தப்பைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவள்மேல் எனக்கு இரக்கம் வந்ததைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. மேலே ஒருத்தி சாப்பிடாமல் படுத்திருக்க, கீழே நான் ஒருத்தியின் ரவிக்கைக் கையை இரண்டு தடவை மாற்றித் தைத்துவிட்டேன்.

நாலாம் நாள் நானே ஏறிப் போய் உரத்தொட்டியைத் திறந்தேன். “விதை அழுகிப் போயிருக்காது. அள்ளி ஆறு வாளியிலயும் கொட்டு. முளைக்கிறது முளைக்கட்டும்.”

“சமையல்ல மிஞ்சின தக்காளி எல்லாம் அதுலதான் கிடக்கு,” என்றாள். “எது எதுன்னு எப்படித் தெரியும்? கலந்த சரக்கை நான் எப்படிப் பாஸ் பண்ணுவேன்?”

“நீ பாஸ் பண்ண வேணாம். தண்ணி மட்டும் ஊத்து.”

அத்தான் காய்ப்பு முடிந்த செடிகளை எடுத்துவிட்டு, உரத்தை அள்ளிப் பரப்பினார். பத்து நாளில் மூட்டை அவிழ்ந்த மாதிரி முளைத்தது. அறுபத்தெட்டு நாற்று. எல்லாம் ஒரே மாதிரி. அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து வாளி வாளியாகப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தெரியல,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்ட நேரம்தான், ஆனால் அது மருந்து இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்கும் பத்து நாள் கழித்து, அத்தான் கையில் அட்டவணையோடு வாளிகளின் நடுவே குந்தியிருந்தார். அந்த அட்டவணையைக் கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே மனிதர் அவர்தான்.

“இங்க வா,” என்றார். “இலை ஓரத்துல வெட்டு இல்லன்னு ரெண்டு மார்க் குறைச்சிருக்கியே, அதை வச்சுப் பார்க்கலாமா?”

அக்கா எழுந்து போனாள். நானும் போனேன். தக்காளி இலை என்றால் ஓரமெல்லாம் கத்தரித்த மாதிரி இருக்கும். அறுபத்து மூன்று நாற்று அப்படித்தான் இருந்தது. ஐந்து மட்டும் மழுமழுவென்று, ஓரத்தில் ஒரு வெட்டுகூட இல்லாமல் நின்றன. அக்கா ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள், மூன்று தடவை. பழக்கம் எங்கே போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம். நான்கு நாற்றைப் பாலித்தீன் பையில் மண்ணோடு அக்கா மடியில் வைத்துக்கொண்டாள், ஒன்று வாளியிலேயே நின்றது. பாட்டுக்காரியின் மகன் வீடு தரைத்தளம், சுவரோரம் இரண்டு அடி மண். அவள் கதவைத் திறந்தபோது அக்கா வணக்கம் சொல்லவோ சுகம் கேட்கவோ இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

“ரெண்டு வருஷம் நான் விதைக்கவே இல்லை. மார்க் வரலன்னு விட்டுட்டேன். அப்புறம் வந்த ஒரு செடியும் போச்சு. இது உரத்தொட்டில முளைச்சது. தப்பு என்னுது.”

அத்தான் வாயைத் திறந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

பாட்டுக்காரி பைகளை வாங்கி ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பார்த்தாள். ஒவ்வொரு நாற்றிலும் ஒரு சிவப்புச் சீட்டு. காரணம் கட்டத்தில் ‘இலை ஓரத்தில் வெட்டு இல்லை’ என்று எழுதியிருந்தது.

“இதையும் ரிஜெக்ட் பண்ணிட்டியா?” என்றாள்.

“அதுதான் அடையாளம்.”

பாட்டுக்காரி சீட்டை அவிழ்க்கவில்லை. அந்த எழுத்தை இன்னொரு தடவை படித்தாள்.

“அன்னிக்கு நானூறு பூட்டுல கட்டினியே, அதுவும் இதே எழுத்துதான்,” என்றாள். “ஸ்பிரிங் தளர்வுதான், நான் இல்லன்னு சொல்லல. பக்கத்து மேஜைலதான் உக்காந்திருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கட்டியிருக்கலாம்.”

அக்கா ஏதாவது காரணம் சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். காரணம் எழுதியே காலம் கழித்தவள் அவள்.

“சொல்லியிருக்கணும்,” என்றாள்.

பாட்டுக்காரி நகர்ந்து வழி விட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.